மிச்சச் சோறும் மீட்பர்களும்

வீணாகும் உணவை மீட்டுப் பசித்தவர்க்கு அளிப்போம் என்று ஊருக்கு ஊர் குழுக்கள் கிளம்பியிருக்கின்றன. எங்கள் புவனகிரிப் பக்கம் இது புதுசல்ல. கல்யாண மண்டபத்தில் அண்டா காலியாகவில்லை என்றால், "காலனிக்கு ஒரு போன் போடு, வந்து தூக்கிக்கிட்டுப் போவட்டும்" என்பார்கள். இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

உணவு வீணாவது உண்மை. 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பசியும் உண்மை. ஆனால் மிச்சத்தைக் கொண்டு பசியை அடைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது மோசடி. பசித்தவனிடம் இல்லாதது நிலமும் கூலியும்.

மிச்சத்துக்கு இந்த நாட்டில் சாதி உண்டு. தூக்கியெறியும் மிச்சத்தைக் கையேந்தி வாங்காதீர்கள் என்று 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னார். ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வெளியான தன் வரலாற்றுக்கு எச்சில் என்று பொருள்படும் 'ஜூட்டன்' என்றே பெயர் வைத்தார். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கம் சேர்ந்தவர்களின் குடும்பங்களில் 44 பேரை 1968இல் கீழ்வெண்மணியில் உயிரோடு கொளுத்தினார்கள். உரிமையாகக் கேட்டால் நெருப்பு, கையேந்தினால் புண்ணியம்!

இந்தச் சோறு எப்போதும் ஊரிலிருந்து சேரிக்கே போகிறது, திரும்பி வருவதே இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். சேரிக்கை சமைத்த சுடுசோறு தீட்டு. ஊர்க்கை ஒதுக்கிய ஆறுன சோறு தர்மம். பேங்க்கில் என் பக்கத்துக் கவுண்டரில் ஒருவர். வீட்டு விசேஷத்தில் மிஞ்சியதைச் சேரிக்குக் கொடுத்த கதையை வாய் மணக்கச் சொல்வார். என் டிபன் பாக்ஸை நீட்டினால் "வயிறு சரியில்ல சார்" என்பார். எட்டு வருஷமா சரியாகாத வயிறு!

சுகாதாரம்? மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும் சோற்றில் சில கிருமிகள் விடும் நஞ்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது. உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கு 2019இல் விதிமுறைகளே வந்துவிட்டன. மண்டபத்துப் பின்வாசலில் யார் பார்க்கிறார்கள்? சேரி வயிறுதானே!

இதே மாவட்டத்தில், வடலூரில், 1867இல் வள்ளலார் தருமசாலை திறந்தார். மிஞ்சியதை அள்ளிக் கொடுக்க அல்ல, பசித்தவர்களுக்கென்றே உலை வைத்தார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவனை முதல் பந்திக்காரனாக நினைப்பதற்கும், பந்தி முடிந்தபின் நினைப்பதற்கும் உள்ள தூரம்தான் நீதிக்கும் கருணைக்கும் உள்ள தூரம்.

ஞாயிறுதோறும் பொட்டலம் சுமக்கும் மாணவத் தோழர்களே, சோற்றைக் குப்பையில் கொட்டச் சொல்லவில்லை. இன்றிரவு பசிக்கிறவனுக்கு இன்றிரவே சோறு வேண்டும். ஆனால் பரிமாறும் முன்பே எடுத்து வையுங்கள், சூட்டோடு கொடுங்கள், சேரிக்கு மட்டும் வண்டி விடாமல் ஊர் நடுவில் இலை போட்டு எல்லோரும் உட்காருங்கள், வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். அப்படியே ஆதிதிராவிடர் விடுதிச் சமையற்கட்டுக்குள் போய்க் குழம்பில் பருப்பு எங்கே என்று கேளுங்கள். 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவை உரிமை என்கிறது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் அந்தச் சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

எங்களுக்கு வேண்டியது மீட்பர்கள் அல்ல. உலையில் அரிசி போடும்போதே எங்கள் தலையையும் எண்ணுங்கள்.