நச்சுநிரல் வராது என்று சொன்னேன்



விண்டோசு 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாத பெற்றோர் சிலர், அதில் உபுண்டு, லினக்சு மிண்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றனர். இது வரவேற்கத்தக்கது. அவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "டீச்சர், இதுக்கு ஆன்டிவைரஸ் போடணுமா?"

சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் இதே வினாவுக்கு, "லினக்சுக்கு நச்சுநிரல் வராது" என்று பெருமையோடு விடை சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் அருகில் வந்தார். "டீச்சர், என் போன்லயும் உள்ளுக்குள்ள லினக்சுதானாமே, மகன் சொன்னான். அப்ப பயமில்லதானே?" என்றார். ஆண்டிராய்டின் உட்கரு லினக்சு என்பது உண்மைதான். "பயமில்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சில மாதங்களுக்குப் பின், வீட்டைத் துப்புரவு செய்து தருவதாக வந்த விளம்பரத்தை நம்பி, புலனத்தில் வந்த இணைப்பின்வழி ஒரு செயலியை நிறுவி, அதில் தம் வங்கிக் கடவுச்சொல்லையும் பதிந்திருக்கிறார் அவர். பிள்ளைகளுக்காகச் சேமித்த பணம் போயிற்று. அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனாலும் என் மனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

என் விடையில் உண்மை இல்லாமல் இல்லை. லினக்சில் அன்றாடப் பயனர் வேறு, நிருவாகி வேறு. கடவுச்சொல் தராமல் ஒரு நிரல் இயங்குதளத்தின் உள்ளே கை வைப்பது பொதுவாக இயலாது. மென்பொருள்களைப் பெரும்பாலும் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட களஞ்சியத்திலிருந்தே பெறுகிறோம். விண்டோசுக்கென எழுதப்பட்ட நச்சுநிரல் இங்குப் பொதுவாக இயங்காது. வீட்டுக் கணினிகளில் லினக்சைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதால், அவர்களைக் குறிவைப்போரும் குறைவு.

ஆயினும், 'குறைவு' என்பது வேறு, 'வராது' என்பது வேறு. நிருவாகிக் கடவுச்சொல் காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் கணக்கில் இயங்கும் தீய நிரல் ஒன்று, உங்கள் படங்களையும் கோப்புகளையும் தொடுவதற்கு அந்தக் கடவுச்சொல் தேவையே இல்லை.

நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள். 2016இல் மிராய் என்னும் நச்சுநிரல், லினக்சில் இயங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய வழிச்செலுத்திகளையும் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை எவரும் மாற்றாததே அதற்கு வழிவிட்டது. 2024 மார்ச்சில், பல லினக்சு வழங்கல்களில் இடம்பெறும் எக்சுசெட் என்ற சுருக்கக் கருவியில் மறைவாசல் ஒன்று வைக்கப்பட்டது தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தது தடுப்பு மென்பொருள் அன்று. ஆன்றெஸ் பிராய்ண்ட் என்னும் நிரலாளர், தம் கணினியில் தொலைநுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். திறந்த மூலமாக இருந்ததால் அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. ஆனால், ஒருவர் பார்த்தால்தான் அந்தத் திறந்த தன்மைக்குப் பயன்.

ஆகவே என் கருத்து இதுதான். லினக்சு நிறுவிய வீட்டுக் கணினிக்கு எந்நேரமும் இயங்கும் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் தேவையில்லை. அதற்கு ஈடாகச் சில பழக்கங்கள் கட்டாயம் தேவை. இற்றைப்படுத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தனிக்கணக்குக் கொடுங்கள். நிருவாகிக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளைக் கண்ட இடத்திலிருந்து இறக்காதீர்கள். முக்கியக் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி வைத்திருங்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு சொல். நம் லினக்சு கணினியைத் தாக்காத நச்சுநிரல், நம் விரலியில் ஏறிச் சக ஆசிரியரின் விண்டோசு கணினிக்குப் போய்ச் சேரலாம். தேர்வுத்தாள்களைக் கொடுத்து வாங்கும் நாம், கிளாம்ஏவி போன்ற கட்டற்ற கருவியால் விரலியைச் சோதித்துவிட்டுக் கொடுப்பதே முறை. தனக்கு நோயில்லை என்பதற்காக, பிறர்க்கு நோயைச் சுமந்து செல்லலாமா?

கைப்பேசிக்கோ வேறு விடை. இணைப்பின்வழி வரும் எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். அந்தத் தாயின் கைப்பேசியில் கதவை உடைத்துக்கொண்டு எவரும் நுழையவில்லை. கேட்ட அனுமதிகளையெல்லாம் அவர் விரலே கொடுத்தது. கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

இனி எந்தக் கூட்டத்திலும் "வராது" என்ற சொல்லை நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். பெற்றோர் நம் சொல்லை நம்புகிறவர்கள்.