முதலாளி யாரு, மருமவனே?

குற்றாலம் மெயின் அருவிக்குள் யாருக்கும் சட்டைப் பை கிடையாது. ஆகவே யார் சம்பளமும் தெரியாது. கரையேறித் துண்டைப் பிழிந்து, மிளகாய் பஜ்ஜியைக் கடிக்கும்போதுதான் வம்பு ஆரம்பம்.

போன சாரலுக்கு அக்கா மகனோடு போனேன். பயலுக்குச் சென்னையில் அமெரிக்க கம்பெனி உத்தியோகம். இப்போது தென்காசிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனி கூப்பிடுகிறது. சம்பளம் கொஞ்சம் குறைச்சல். ஆனால் அக்காவுக்கு முழங்கால் வலி. மகன் பக்கத்தில் இருந்தால் தேவலை.

‘‘வந்துரட்டுமா மாமா?’’

‘‘முதலாளி யாருன்னு கேட்டியாலே?’’

‘‘யாரா இருந்தா என்ன? ஒண்ணாந்தேதி பணம் வந்தா சரி.’’

சரியில்லை சார். ரஷ்யாவைப் பாருங்கள். 1992-ல் சர்க்கார் ஃபாக்டரிகளை விற்க, ஆளுக்கொரு பத்தாயிரம் ரூபிள் வவுச்சர் கொடுத்தார்கள். பல ஃபாக்டரிகளில் தொழிலாளியே பங்குதாரர்! ஆனால் சாவிக்கொத்து பழைய மேனேஜர் இடுப்பிலேயே இருந்தது. மாதக்கணக்கில் சம்பள பாக்கி. சில இடங்களில் காசுக்குப் பதில் ஃபாக்டரி சரக்கையே கையில் கொடுத்து அனுப்பினார்கள். பேருக்கு முதலாளி, பை காலி.

ரஷ்யா வரை போவானேன்? நம்ம தொலைபேசி இலாகா 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கம்பெனியானது. முதலாளி அதே சர்க்கார்தான். ஆனால் இலாகா என்றால் பட்ஜெட் படியளக்கும். கம்பெனி என்றால் கல்லாப்பெட்டிதான் படியளக்கணும். 2019 பிப்ரவரிச் சம்பளம் தாமதமானது. அதே வருஷம் சுமார் 78,500 பேர் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தார்கள்.

‘‘அப்ப மத்தளம்பாறை ஸோகோ மாதிரி, பங்குச் சந்தைக்கே போகாத கம்பெனி?’’

‘‘மூணு மாசத்துக்கொரு தடவை சந்தைக்குப் பயந்து லாபம் காட்ட வேண்டாம். அது நல்லது. ஆனா அப்படிப்பட்ட இடத்துல ஓனர் மனசு மாறினா, ஏன்னு கேக்க வெளியாள் கிடையாது. உன் அமெரிக்காக்காரனோ, நீ தூங்கும்போது முடிவு பண்ணுவான். காலையில ஈமெயில் வரும். அதனால கேளு: யார் பணம்? இன்க்ரிமென்ட்டை யார் முடிவு பண்ணுதா? நஷ்டம் வந்தா முதல்ல யார் தலை உருளும்?’’

பஜ்ஜிக்காரர் சிரித்தார். ‘‘நமக்கு அந்தத் தொல்லையே இல்ல அண்ணாச்சி. எங்க முதலாளி அருவி. தண்ணி விழுந்தா சம்பளம், நின்னா லீவு!’’

அன்று ராத்திரியே பயல் அந்த கம்பெனிக்கு ஃபோன் போட்டு மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டான். ‘‘யோசிச்சுச் சொல்லுதோம்’’ என்றார்களாம். இன்னும் யோசிக்கிறார்கள்.

அக்கா என்னோடு பேசுவதில்லை.