சங்கு ஓய்ந்த மைதானம்

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. டிபன் பாக்ஸ், தோளில் ஒரு பை, பாதி விழித்த கண்கள். கோலார் தங்கவயலின் இளைஞர்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவனுக்கு மாலை என்று ஒன்று கிடையாது. மாலை இல்லாத ஊரில் பந்தை உதைப்பது யார்? நின்று பார்ப்பதுதான் யார்?

தங்கவயலின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மைதானம் பாழாகக் கிடக்கிறது, பயிற்சியாளர் இல்லை, பணம் இல்லை என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதலில் தொலைந்தது நேரம்.

சுரங்கம் இருந்தவரை நேரத்தைச் சங்கு பங்கிட்டுக் கொடுத்தது. ஷிப்டு முறையில் ஒரு கூட்டம் பூமிக்குள் இறங்கும்போது இன்னொரு கூட்டம் மேலே வரும். ஆகவே எந்த நேரத்திலும் வெளிச்சத்தில் ஒரு பகுதியினர் ஓய்வாக இருந்தார்கள். உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃப், தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போனது. அங்கே பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறினால் உயிர் போகும். அந்த இருட்டிலிருந்து மேலே வந்தவனுக்குத் திறந்த வெளியும் காற்றும் ஒரு பந்தும் எப்படிப்பட்டவை என்பதை மற்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

விளையாட்டை இங்கே கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை நடத்தத் தொடங்கியது. பின்னாலேயே கிளப், கோல்ஃப், டென்னிஸ், பில்லியர்ட்ஸ் எல்லாம் வந்தன. ஊருக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரும் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது இந்தியாவின் பெரும் நகரங்கள் பலவற்றில் விளக்கு எரியவில்லை. ஆனால் கிளப்பின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், தகரமும் மூங்கில் தட்டியுமாக நின்ற 'லைன்' வீடுகளில் இருந்தார்கள். கோல்ஃப் புல்வெளி துரைமாருக்கு. கால்பந்தும் ஹாக்கியும் குத்துச்சண்டையும் லைன்களுக்கு. செலவில்லாத ஆட்டங்களே தொழிலாளிக்கு வாய்த்தன. அவற்றையே அவன் தன்னுடையதாக்கிக்கொண்டான்.

லைன்களுக்கும் ஷாஃப்டுகளுக்கும் வைக்கப்பட்ட ஆங்கிலப் பெயர்கள் இன்றும் மக்கள் வாயில் தமிழாகப் புழங்குகின்றன. அவற்றுள் ஒன்று ஸ்கெலட்டன். பெயர் எப்படி வந்திருந்தாலும், மொழிபெயர்த்தால் எலும்புக்கூடு. துருப்பிடித்து நிற்கும் ஷாஃப்டு இரும்புகளையும் கூரை போன கட்டடங்களையும் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உறுத்தும். ஆனால் எலும்புக்கூட்டைச் சுற்றி இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய பிள்ளைகள் செங்கல்லை அடுக்கி ஸ்டம்பு வைக்கிறார்கள்.

இந்த மண் ஓட்டக்காரரையும் தந்திருக்கிறது. கோலாரில் பிறந்த கென்னத் பவல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடினார். அவர் இடம்பெற்ற 4×100 மீட்டர் தொடரோட்ட அணி அரையிறுதி வரை போனது. 1965-இல் அர்ஜுனா விருது. 2022 டிசம்பரில் காலமானார். அவருக்குக் கைகொடுத்தது பெங்களூரின் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை வேலை. பொதுத்துறை நிறுவனம் சம்பளமும் கொடுத்து, ஓட நேரமும் கொடுத்த காலம் அது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் திறமை ரயிலேறிப் போய்க் காணாமல்போகும்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த வயல் அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். மருத்துவமனை, குடிநீர், பராமரிப்பு என்று நிறுவனத்தின் கையை நம்பியிருந்த எல்லாமே தளர்ந்தன. மைதானமும் அந்தப் பட்டியலில் ஒன்று. கம்பெனி அணி என்று ஒன்று இல்லாமல் போனபின் கம்பெனியின் மைதானத்துக்குப் புல் வெட்டுவது யார் வேலை?

அதே 2001-இல் ஜெர்மனியின் ரூர் பகுதியில் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிவந்த நிலக்கரி நாடு. கெல்சன்கிர்ஷன் நகரில், 1904-இல் தோன்றி 'சுரங்கத் தொழிலாளர்கள்' என்றே செல்லப் பெயர் பெற்ற ஷால்கே கால்பந்து அணிக்கு, அந்த ஆண்டு புது அரங்கம் திறக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் களத்துக்கு வரும் வழி அங்கே சுரங்கப் பாதையைப் போல் அமைந்திருக்கிறது. பக்கத்து பாட்ராப் நகரில் நிலக்கரிக் கழிவு மலையின் சரிவில், 640 மீட்டர் நீளத்துக்கு உள்ளரங்கப் பனிச்சறுக்குத் தடம் திறந்தார்கள். எசன் நகரின் ஸால்ஃபெரைன் சுரங்கம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனதும் அதே ஆண்டில்தான். 2018 டிசம்பரில் நாட்டின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடியபோது ஷால்கே அரங்கமே எழுந்து நின்று தொழிலாளர்களுக்கு விடை கொடுத்தது.

இதைச் சொல்வது தங்கவயலைத் தாழ்த்துவதற்காக அல்ல. ரூரில் சுரங்கங்களை மூடப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்; அரசுப் பணம் ஏராளமாகக் கொட்டியது. இங்கே ஒரே நாளில் பூட்டு விழுந்தது. மேலும், கால்பந்து அரங்கம் வேலையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியின் ஏழை நகரங்களில் ஒன்றுதான். ஆனால் தாங்கள் யார் என்பதை அந்த மக்கள் வாரம் ஒருமுறை ஓர் இடத்தில் கூடிச் சொல்லிக்கொள்கிறார்கள். தங்கவயல் இழந்தது அந்த இடத்தை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தங்கவயலுக்கும் கழிவு மலைகள் இருக்கின்றன. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் 13 மேடுகளாக, ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் கிடக்கிறது. 'சயனைடு மலை' என்று ஊர் பெயர் வைத்திருக்கிறது. 'கேஜிஎஃப்' கன்னடப் படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டு 2018-இல் வெளியானபின், வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்க வருகிறார்கள். ஆனால் நிலக்கரிக் கழிவின் மீது மரம் நட்டுப் பாதை போட்டதுபோல் இதில் எளிதாகச் செய்துவிட முடியாது. இது ரசாயனம் கலந்து அரைத்த மாவு. கோடைக் காற்றில் பறந்து லைன் வீடுகளின் சோற்றுத் தட்டில் விழும் தூசு. இதன்மேல் பிள்ளைகள் ஏறி விளையாடுவதைச் சுற்றுலா என்று சொல்லக் கூடாது.

2024 ஜூனில் இந்த 13 மேடுகளிலும், சுமார் ஆயிரம் ஏக்கரில், மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண்ணில் இன்னும் தங்கம் இருக்கிறது என்றால் எடுக்கட்டும். அதில் ஊரார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மேடுகள் கரைந்தபின் அந்த நிலம் யாருக்கு? விஷம் நீக்கித் திருப்பித் தருவார்களா, இல்லை இன்னொரு வேலியா? ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு மைதானத்துக்கும் நடைபாதைக்கும் மரங்களுக்கும் இடம் எழுதி வாங்க வேண்டும். எழுதாத வாக்குறுதி என்ன ஆகும் என்பது 2001-க்குப் பின் பிழைத்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியமானது வேலை. பக்கத்திலேயே வேலை இருந்தால் இளைஞனுக்கு மாலை திரும்பக் கிடைக்கும். மாலை கிடைத்தால் மைதானத்தைத் தேடிக் கொடுக்க யாரும் வர வேண்டாம். கல்லைப் பொறுக்கி அவர்களே சரிசெய்துகொள்வார்கள். மூன்று கிலோமீட்டர் பாறையைக் குடைந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய வேலை அல்ல.

அதுவரை தங்கவயலில் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். திங்கள் விடியலில் ரயில் காத்திருக்கிறது.