வலியைச் சகிப்பதா பியானோப் பயிற்சி?

பியானோ வாசிப்பவருக்குக் கை வலித்தால் குற்றம் அவருடையதே. பயிற்சி போதாது, அல்லது திறமை போதாது. இசை ஆசிரியர்களில் கணிசமானோர் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் தீர்ப்பு இதுதான். இத்தீர்ப்புக்குப் பலியானவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர்.

ரொபேர்ட் சூமான் 1830களின் தொடக்கத்தில் விரலைப் பழக்குவதற்கென்று ஒரு கருவியைப் பயன்படுத்தினார். கையைக் கெடுத்தது அக்கருவியா, வேறு நோயா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் பியானோக் கலைஞராகும் கனவு வலது கையோடு முடிந்துபோனது. 1891இல் மொஸ்கோவில் மாணவராயிருந்த ஸ்கிரியாபின், லிஸ்ட், பலகிரெவ் ஆகியோரின் கடினமான படைப்புகளை வெறிகொண்டு பயின்று வலது கையைக் காயப்படுத்திக்கொண்டார். அதன் விளைவாக இடது கைக்கென்றே அவர் எழுதிய இசையை இரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். காயத்துக்கு நன்றி சொல்லும் இந்த இரசனை எனக்குப் புரிவதில்லை.

அமெரிக்கரான லியோன் பிளைஷரின் கதை இன்னும் கொடியது. 1960களின் நடுப்பகுதியில், புகழின் உச்சியில் இருந்த வேளையில், அவருடைய வலது கையின் கடைசி இரு விரல்களும் உள்நோக்கிச் சுருளத் தொடங்கின. அவர் செய்ததென்ன? கற்பிக்கப்பட்டவாறே இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார். அவரைப் பீடித்த டிஸ்டோனியா, மூளை விரல்களை ஆளும் முறையில் ஏற்படும் கோளாறு. பெரும்பாலும் வலிகூட இருப்பதில்லை. வெறிகொண்ட பயிற்சி அதற்கு மருந்தன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே, பொட்டொக்ஸ் ஊசியின் துணையுடன், அவரால் இரு கைகளாலும் மேடையில் வாசிக்க முடிந்தது. 2020இல் அவர் காலமானார்.

தடுக்கும் வழிகள் மந்திர இரகசியங்களா? அரை மணிக்கொரு தடவை கையை ஓய்வெடுக்க விடுதல், முன்கை விசைப்பலகையின் மட்டத்தில் இருக்குமாறு ஆசனத்தைச் சரிசெய்தல், மணிக்கட்டை மடக்காதிருத்தல், பரீட்சை நெருங்கியதும் பயிற்சி நேரத்தைத் திடீரென இரட்டிப்பாக்காதிருத்தல், வலித்தால் நிறுத்துதல், விரல் மரத்தால் தாமதியாமல் வைத்தியரை நாடுதல். இவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பியானோவில் ஒக்டேவ் எனப்படும் எட்டுச் சுர அகலம் சுமார் 165 மில்லிமீற்றர். பெரிய கைகளுக்கு ஏற்ற இந்த அளவே பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விதிக்கப்பட்டிருக்கிறது. சிறிய கைகளைக் கொண்டிருந்த மேதை ஜோசப் ஹொஃப்மனுக்கு ஸ்டைன்வே நிறுவனம் ஒடுங்கிய கட்டைகளுடன் பியானோ செய்து கொடுத்தது. மேதைக்குக் கிடைத்த சலுகை மாணவிக்கு ஏன் கிடைப்பதில்லை? சிறிய வயலினில் குழந்தை பழகுவதை எவரும் ஏளனம் செய்வதில்லையே!

கொழும்பிலும் லண்டன் பரீட்சைச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்புகிறோம். கை நோகிறதென்று பிள்ளை முறையிட்டால், "பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமைதானே, பொறுத்துக்கொள்" என்று பதிலளிக்கும் பெற்றோரும் ஆசிரியரும், அந்தக் கையைத் திருப்பிக் கொடுக்கும் வல்லமை தமக்கு உண்டா என்பதை முதலில் கூறட்டும்.