துண்டு கட்டினால் போதுமா? மூச்சுக்கும் ஒரு போராட்டம்!



கரண்டுக்கு, தண்ணிக்கு, பால் விலைக்கு என்று எத்தனையோ முறை நோட்டீஸ் போட்டிருக்கிறோம். இந்த முறை நம்ம நெஞ்சுக்கூட்டைப் பற்றி எழுதுகிறேன். மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மார்கழியில் அறுத்துப் போட்ட சோளத்தட்டு மழையில் நனைந்துவிட்டது. சரியாகக் காய்வதற்குள் அவசரப்பட்டுப் போர் போட்டுவிட்டேன். மாசியில் போரைப் பிரித்தால் உள்ளே சூடு பிடித்து வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. மாட்டுக்கு வேறு தீவனம் இல்லை. தட்டு வெட்டுகிற மிஷினில் விட்டேன். புகை மாதிரித் தூசி. தலைத்துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு வேலையை முடித்தேன்.

அன்றைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல், வறட்டு இருமல். நெஞ்சில் கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்தது. ரெண்டு நாளில் சரியாப் போச்சு. சளிக்காய்ச்சல் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போரைப் பிரித்தேன். மறுபடி அதே காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனால் டி.பி. இருக்கா என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை. "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். "என்ன வேலை செஞ்சீங்க?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தூசி நம்ம கூடப் பிறந்தது தானே என்று இருந்துவிட்டேன். மூன்றாவது தடவை வேறொரு டாக்டர்தான் கேட்டார். தட்டுப்போர் கதையைச் சொன்னதும், "அதை விடுங்க, இல்லாட்டி நுரையீரல் போயிரும்" என்றார்.

இது புது நோய் இல்லை. 1700ஆம் வருஷத்திலேயே இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸ்ஸினி தொழில் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், தானியம் சலிக்கிறவர்கள் தூசியால் படும் பாட்டை எழுதிவைத்தார். 1932ல் இங்கிலாந்தில் கேம்பெல் என்ற மருத்துவர், ஈரத்தோடு போர் போட்ட புல்லைக் கையாண்ட விவசாயிகளுக்கு வந்த மூச்சுத்திணறலைப் பதிவு செய்தார். அதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே பெயர் வந்துவிட்டது. நம் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை!

எப்படி வருகிறது? ஈரத்தட்டையோ வைக்கோலையோ போர் போட்டால் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் ஒருவகைக் கிருமியும் பூஞ்சணமும் பெருகும். போரைப் பிரிக்கும்போது அவற்றின் வித்துக்கள் கோடிக்கணக்கில் பறக்கும். தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் நிற்காது, நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். அதனால் வேலை செய்த நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் காய்ச்சல், நடுக்கம், இருமல். விட்டுவிட்டால் போய்விடும். வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அப்புறம் மாத்திரை அதைப் பழையபடி ஆக்காது. கிணற்று மேட்டில் ஏறினாலே இளைக்கும்.

தட்டுப்போர் மட்டுமா? மக்காச்சோளம் அடிக்கும் களம், கடலைக்காய் பிரிக்கும் மிஷின், மஞ்சித்தூள் மூட்டை, கோழி எரு அள்ளும் வேலை எல்லாம் தூசிதான். தூசிக்குத் தூசி நோய் மாறும். ஆஸ்துமா, நாள்பட்ட சளி, விவசாயி நுரையீரல் என்று எதுவும் வரலாம்.

இப்போது அநியாயத்தைக் கேளுங்கள். பஞ்சாலைத் தொழிலாளிக்குப் பஞ்சுத் தூசியால் மூச்சு நோய் வந்தால் அது தொழில் நோய். 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அது இருந்தது. தாவர, பிராணித் தூசியால் நுரையீரலுக்கு வரும் ஒவ்வாமை நோயும் அதே அட்டவணையில் இருந்தது. பனியன் கம்பெனிக்குப் போகும் நம்ம பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு. நமக்கு? இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டுமாம். சொந்தக் காட்டில் பாடுபடுகிறவன் யாரைக் கேட்பான்? பேருக்கு முதலாளி, பாட்டுக்குத் தொழிலாளி!

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்க்கிற விவசாயி நிலைமையும் இதுதான். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கூலி கிலோக் கணக்கில். கொட்டகைத் தூசியும் அமோனியா வாடையும் மட்டும் விவசாயிக்கும் அவர் சம்சாரத்துக்கும் சொந்தம்!

1983ல் கதிரடிக்கும் மிஷினில் கை போவதைத் தடுக்க ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. கை போனது கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சு போவது தெரியவில்லை.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாமே செய்யக்கூடியவை:

* தட்டோ வைக்கோலோ நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுங்கள். அடியில் கல்லோ கட்டையோ போட்டுத் தூக்கி அடுக்கி, மேலே தார்ப்பாய் மூடுங்கள்.
* பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள். அப்புறப்படுத்தும் முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள்.
* மிஷினைச் சாலைக்குள் ஓட்டாமல் வெட்டவெளியில் ஓட்டுங்கள். காற்று வருகிற பக்கம் நில்லுங்கள். ஆடிக்காற்றில் இடம் பார்த்து நிறுத்துவது ரொம்ப முக்கியம்.
* துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும், வித்துக்களைத் தடுக்காது. கொரோனா காலத்தில் பார்த்த என்-95 முகக்கவசம் தடுக்கும். ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அமோனியா வாடையை அதுவும் தடுக்காது. கொட்டகையில் காற்றோட்டம்தான் வழி.
* இளைப்பு இருப்பவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். பீடியை விடுங்கள்.
* நம்ம காட்டுக்குக் கூலிக்கு வருகிறவர்களுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். நம்ம மூச்சுக்கு நியாயம் கேட்கிற நாம் அவர்கள் மூச்சை மறந்தால் நியாயமா?
* டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நேத்து இன்ன வேலை செஞ்சேனுங்க."

அரசிடம் நாம் கேட்பது:

1. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருமல், இளைப்பு என்று வரும் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். மூச்சுத்திறன் சோதிக்கும் கருவி வேண்டும்.
2. 2011ல் வந்த உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் தூசியால் வரும் நுரையீரல் நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்து உதவித்தொகை வழங்க வேண்டும்.
3. மானியத்தில் தரும் கதிரடிக்கும், தட்டு வெட்டும் மிஷின்களில் தூசியைத் தள்ளிவிடும் குழாய் இருக்க வேண்டும், முகக்கவசமும் சேர்த்துத் தர வேண்டும்.
4. கறிக்கோழி ஒப்பந்தத்தில் முகக்கவசமும் வருஷம் ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனையும் கம்பெனி செலவு என்று எழுத வேண்டும்.

1970 ஜூன் 19ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். அந்த மண்ணில் பிறந்தவர்கள் நாம். கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். இளைப்பு உள்ளவர்கள் மருத்துவச் சீட்டோடு வாருங்கள். சீட்டு இல்லாதவர்கள் கையெழுத்தோடு வாருங்கள். மூச்சு வாங்கி நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருங்கள், உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்.

திரண்டு வாரீர்! ஆதரவு தாரீர்!

இவண்,
ஒன்றியச் செயலாளர்,
விவசாயிகள் சங்கம்