மருந்துக்கு முன் ஒரு படம்

பேச்சிப்பாறைக்கு வருகிறவர்கள் அணையைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர் நின்று கட்டிய அணை. 1906இல் வேலை முடிந்தது. நாஞ்சில்நாட்டு வயல்களின் உயிர்த் தண்ணீர் அது. அதைப் படமெடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அணையைச் சுற்றியிருக்கும் வீடுகளின் பின்புறத்தைப் படமெடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நாங்கள் என்றால் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வாழைக்குத் தடம் வெட்டிக்கொண்டிருப்பவர்கள், வீட்டு வேலை ஒதுங்கிய பிறகு புரையிடத்தில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், ஒரு சுற்று நடந்துவிட்டு வரும் பெண்கள். கூட்டத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயருக்காக அடித்துக்கொண்டு பிரிந்த அமைப்புகளை இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. கொள்கை முதலில் வரட்டும்.

கொள்கை ஒன்றுதான். பெயர் தெரியாத எந்தப் பூச்சியின் மீதும், எந்தச் செடியின் மீதும் மருந்து அடிக்கும் முன் அதை ஒரு படம் எடுப்போம். அது இன்னதென்று தெரிந்த பிறகே கை மருந்துப் பம்புக்குப் போகும்.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மட்டி வாழையிலும் மிளகிலும் வருஷத்தை ஓட்டுகிறவரிடம் அப்படிச் சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு. தெரியாமல் கொல்லாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தெரியாமல் கொல்வதில் பாவம் மட்டுமில்லை, நஷ்டமும் இருக்கிறது.

ஓமை என்று நாங்கள் சொல்லும் பப்பாளி மரத்தைப் பாருங்கள். இலையின் அடியில் மாவு தூவியதுபோல வெள்ளை அப்பியிருக்கிறது. மாவுப்பூச்சி. அதன் நடுவே கொஞ்சம் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் தொங்க ஒன்று நகர்கிறது. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து அதைத்தான் முதலில் நசுக்குவோம். போன் கேமராவில் ஒரு லென்ஸைக் கிளிப் செய்து பார்த்தால் கதை மாறும். மெழுகுக்கு அடியில் ஆறு கால்கள் சுறுசுறுப்பாக ஓடும். வாயில் மாவுப்பூச்சியின் முட்டை இருக்கும். அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கு மாவுப்பூச்சி வேஷம் போட்டு வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் பண்ணைகளில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று இலவசமாக வந்து நம் மரத்தில் வேலை பார்க்கிறது. நாம் அதற்கு மருந்து அடிக்கிறோம்.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று புதிதாக ஒன்று தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரச்சீனி என்று தமிழ்நாடு முழுக்க ஏறிப் படர்ந்தது. மெழுகுக்குள் இருக்கும் பூச்சியிடம் மருந்து செல்லவில்லை. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது என்று கண்டுகொண்டார்கள். அதன் இயற்கை எதிரி என்ன என்று தேட வழி பிறந்தது அதன் பிறகுதான். 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு எட்டாத அளவு சிறிய குளவிகளை வரவழைத்து விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. பூச்சியின் அடையாளம் தெரிந்ததால் கிடைத்த பலன் அது.

காடு பக்கத்தில் இருக்கும்போது புரையிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுக்குள் போவதற்கு அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும், யானைக்குப் பயப்பட வேண்டும். 2008 முதல் அது கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். அங்கே போய்ப் படமெடுப்பவர்கள் எடுக்கட்டும். ஆனால் தென்னை, அதற்குக் கீழே சக்கை, அயினி, கமுகு, கமுகில் ஏறிய மிளகு, இடையில் வாழை, நிழலில் சேம்பும் சேனையும், வேலியில் செம்பருத்தி என்று அடுக்கடுக்காக நிற்கும் நம் புரையிடமும் ஒரு காடுதான். கமுகில் பறக்கும் ஓணான் ஒட்டியிருக்கும். ஆண் ஓணான் மஞ்சள் தொண்டைத் தோலை விரித்துக் காட்டும்வரை மரப்பட்டைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கருடக்கொடி ஒன்று வேலியில் நின்றால் போதும், தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி, கறுப்பும் மஞ்சளுமாக, முட்டையிடத் தேடி வரும். களை என்று அதை அரிந்து எறிகிற வீடுகளே அதிகம். களைக்கொல்லி அடிப்பவர்களும் இதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

மாமரத்தில் முசிறு எறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். கடிபட்டவர்களுக்கு அதன் மேல் பாசம் இருக்காது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நாரத்தை, ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சிகளைக் கட்டுப்படுத்த இதன் கூட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். அந்த முசிறுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் விலகி, தயங்கித் தயங்கி நடக்கும். நிறம் அதேதான், இடுப்பும் அதேதான். முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கால்கள் எட்டு. முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அது குதிக்கும் சிலந்தி. எறும்பு என்று நினைத்துப் பறவைகளும் பிற பூச்சிகளும் ஒதுங்கிப் போவதால் பிழைத்துக்கொள்கிறது. வெறுங்கண்ணால் இதைக் கண்டுபிடிப்பவர் கெட்டிக்காரர். நமக்குப் போன் போதும்.

தேனீ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் தேன் ஊருக்கெல்லாம் தெரியும்; அந்தத் தேனின் பெரும்பங்கு ரப்பரிலிருந்து வருவது பலருக்குத் தெரியாது. பூவிலிருந்து வருவதும் இல்லை. ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் பருவத்தில், மூன்று இலைகள் சேரும் காம்பின் நுனியில் உள்ள சுரப்பியில் தேன் ஊறும். தேனீ அங்கே நின்று உறிஞ்சும். இந்த ஒரு படத்தை ஒவ்வொரு ரப்பர் விளைக்காரரும் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. 1991-92இல் தாய்லாந்துப் பைப்புழு நோய் வந்து கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் தேனீப் பெட்டிகள் காலியாயின. தளிர்ப் பருவத்தில் எங்கே எத்தனை தேனீ வந்தது என்ற பதிவு புரையிடந்தோறும் அப்போது இருந்திருந்தால், எங்கே போயிற்று, எங்கிருந்து திரும்பியது என்று இன்று பார்க்க முடியும்.

ஒக்கிப் புயலுக்கும் அதே குறைதான். 2017 நவம்பர் 30 அன்று விழுந்த ரப்பருக்கும் வாழைக்கும் அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். சாய்ந்த அயினியோடும் பலாவோடும் போன, மரத்தில் தொற்றி வளரும் செடிகள், பொந்துகள், கூடுகளின் கணக்கு யாரிடமும் இல்லை. அடுத்த புயலுக்காவது கையில் முந்தைய படங்கள் இருக்க வேண்டும்.

எங்களுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், யானையையும் கலைமானையும் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தவர். அதே மனிதர் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதிய பத்தியில் காகத்துக்கும் அணிலுக்கும் வீட்டுப் பல்லிக்கும் இடம் கொடுத்தார். விலை உயர்ந்த கேமராவை நம்பியவரும் இல்லை. பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி வைத்திருந்தார். இன்று தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். செப்டம்பரில் வண்ணத்துப்பூச்சிகளைப் பதிவு செய்கிறார்கள். 2019இல் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சி மாநிலச் சின்னமாயிற்று. இந்த வழியில் நாங்கள் பின்னால் வருகிறவர்கள்.

செய்ய மாட்டோம் என்று சிலவற்றையும் சத்தியம் செய்கிறோம். பூச்சி அசையாமல் இருக்கட்டும் என்று அதை ஃப்ரிட்ஜில் வைக்க மாட்டோம். தவளையைக் கம்பியில் கட்டி நிறுத்தி வேடிக்கைப் படம் எடுக்க மாட்டோம்; அப்படி எடுத்துப் பரிசு வாங்குகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், அவர்களோடு நமக்குப் பேச்சில்லை. கூட்டிலிருக்கும் குஞ்சின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்க மாட்டோம். நல்ல கோணத்துக்காகக் கிளையை ஒடிக்க மாட்டோம். அரிய செடியின் இடத்தை ஊரறியப் போட மாட்டோம்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1987இல் அகத்தியமலையில் வழிகாட்டிகளாக வந்த காணி மக்கள் களைப்புத் தெரியாமல் நடந்ததற்கு ஒரு செடியின் காய்தான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தச் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. வருமானத்தில் காணி மக்களுக்கும் பங்கு என்பது உலகம் பாராட்டிய ஏற்பாடு. ஆனால் செய்தி பரவிய பிறகு காட்டுக்குள் அந்தச் செடியைப் பிடுங்கிப்போகவும் ஆட்கள் புகுந்தார்கள். பேச்சிப்பாறை மலையிலும் காணிக் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் சொல்லித் தரும் பெயரும் பயனும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் படங்களின் அடியில் வராது.

எப்படி எடுப்பது என்பது பெரிய வித்தை இல்லை. காலை வெயில் ஏறுமுன் பூச்சிகள் குளிரில் மந்தமாக இருக்கும், அப்போது போங்கள். பூச்சியின் கண்மட்டத்துக்குக் குனியுங்கள். முதுகு, பக்கவாட்டு, அடிப்பக்கம் என்று மூன்று படம் எடுங்கள். நான்காவதாக அது உட்கார்ந்திருந்த செடியின் இலை. செடி தெரியாமல் புழுவின் பெயரைச் சொல்வது நிபுணருக்கும் கஷ்டம். தேதியும் ஊரும் நீங்கள் வழங்கும் பெயரும் கூடவே இருக்கட்டும். இடவப்பாதி மழையில் போனை நனைக்காதீர்கள்.

பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் ஊர்க்காரர்களின் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல ஒருவரை அங்கே ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கிறோம். மருந்துக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பூச்சியைக் காட்டாமல் மருந்து கேட்டு வருகிறவரிடம், முதலில் படத்தைக் காட்டுங்கள் அண்ணே என்று சொல்லுங்கள். வியாபாரம் கொஞ்சம் குறையும்தான். பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள் இலையின் படத்தைக் கரும்பலகையில் வரைவதற்கு முன் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகட்டும்.

சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பமோ சந்தாவோ தர வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் தட்டிவிடாமல் படமெடுங்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலைந்து நாள் கழித்துப் பச்சையாக மாறியிருப்பதையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.