பால்கனியில் ஒரு பாறைத் தோட்டம்

கொல்லை இல்லாத பொங்கோல் வீவக வீட்டிலும் பாறைத் தோட்டம் அமைக்கலாம். ஆனால், செடித் தேர்வில் கவனம் வேண்டும்.

பெர்த்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் பாறைகளுக்கிடையே கங்காரு பாதப் பூக்கள் குலுங்குகின்றன. அதுபோல நம் வீட்டிலும் வேண்டும் என்கிறாள் மகள். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் கோடை வறண்டது. இங்கோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அந்தச் செடியின் வேர் இந்த ஈரத்தில் எளிதில் அழுகும். “சித்தி வீட்டுப் பூ வேண்டாம், சித்தி நாட்டுப் பூ வைப்போம்,” என்றேன்.

குவீன்ஸ்லாந்து மாநில மலரான குக்டவுன் ஆர்க்கிட் வெப்பமண்டலச் செடி. மண்ணில்லாமலே மரத்திலும் பாறையிலும் பற்றி வளரும். அடியில் துளையுள்ள அகலத் தொட்டியில் கருங்கல் துண்டுகளையும் மரக்கரியையும் அடுக்கி, செடியைக் கல் இடுக்கில் கட்டிவிடுங்கள். காலை வெயில் போதும். வேர் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும். தொட்டியை நடைபாதையில் வைப்பதானால் 1.2 மீட்டர் வழி விடுங்கள். தீ விபத்தின்போது அண்டை வீட்டுத் தாத்தாவின் சக்கர நாற்காலி அந்த வழியில்தான் போக வேண்டும்.